பெரியவரின் தண்ணீர்

…இந்த நிரல்துண்டு என்ன செய்கிறது என்று எழுதுவது சுலபம், அது கண்ணுக்கே தெரிகிறது, பனியின் உயரத்தை வாங்கிக்கொள்கிறது, வெயிலை வாங்கிக்கொள்கிறது, பெருக்குகிறது, கழிக்கிறது, அடுத்த பத்து நாளில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது, இதைக் காலையிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டேன், அதற்குக் கீழே ‘ஏன்’ என்று இன்னொரு வரி எழுத வேண்டும், அங்கேதான் கர்சர் நின்று துடித்துக்கொண்டிருக்கிறது... எங்கள் குழுத் தலைவர் மார்லென் அண்ணன் போட்ட விதி இது, கணினி நிரலுக்கு நடுவே எழுதும் குறிப்பில் என்ன என்று எழுதாதே, ஏன் என்று எழுது, என்னவென்று நிரலே சொல்லிவிடும், ஏன் என்பது எழுதியவளின் தலைக்குள் மட்டும்தான் இருக்கும், அந்தத் தலை நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நாங்கள் யாரிடம் கேட்பது என்பார். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், அதாவது தனிக் கணக்குப் போடும் ஒவ்வொரு நிரல்துண்டுக்கும், மேலே மூன்று சாய்கோடு போட்டு எழுதினால் கருவி அதைப் பொறுக்கியெடுத்துக் கையேட்டுப் பக்கமாக்கி வெளியே கொடுத்துவிடும், இரண்டு சாய்கோடு போட்டால் நமக்குள்ளேயே இருந்துவிடும், மூன்றாவது கோடு ஒரு ஜன்னல் மாதிரி, திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். சாயங்காலம் கையேடு வெளியே போகிறது, பனி உருகத் தொடங்குவதற்குள் தஜிக் பக்கத்திலும் கஸாக் பக்கத்திலும் இதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் எழுதியாயிற்று, ஒன்றே ஒன்றுதான் மீதி, அந்த வடக்குப் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கணக்கிடும் ஃபங்ஷன். நான் அதற்கு வைத்த பெயர் சோங், எங்கள் மொழியில் பெரியவர் என்று. அரசாங்க வரைபடத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்கு வேறு பெயர் இருக்கிறது, அது என் மாமனாரின் பெயர்... மாமனாராக இருந்தவரின் பெயர் என்று சொல்ல வேண்டுமோ.

“டாக்டர் சோங் எழுந்துட்டாரா, இல்ல பெய்ஜிங்லயே இன்னும் தூங்கறாரா?” மார்லென் அண்ணன் டீக் கோப்பையோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். போன மாதம் சோதனைப் பதிப்பை அனுப்பியபோது தஜிக் பக்கத்துக் குஜந்திலிருந்து ஓர் எஞ்சினீயர், சோங் யாரோ ஒரு சீன விஞ்ஞானி என்று நினைத்து, மிகுந்த மரியாதையோடு கேட்டு எழுதியிருந்தார், டாக்டர் சோங்கின் முறை எந்த ஆண்டுக் கட்டுரையில் வந்தது, எங்கள் நூலகத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்று, அதை அச்செடுத்துத் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் டீ போடும்போதெல்லாம் டாக்டருக்கு ஒரு வணக்கம் வைக்கிறார்கள். எழுதிட்டிருக்கேன் அண்ணே என்கிறேன். “காலையிலேருந்து எழுதற. ஒரு பேரு, ஒரு காரணம். காவியமா பாடச் சொன்னேன்?” என்கிறார், பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “தப்பா எடுத்துக்காத தங்கச்சி. கோர்ட்டுல முடிச்சு வெச்சாச்சு. நீ இப்ப யாரு வீட்டு மருமகளும் இல்ல. அது வெறும் பள்ளத்தாக்கு பேரு.” அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், இதையெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் சொல்வது நியாயம்தான், நீர்த்துறையிலிருந்து வரும் தரவில் வரைபடத்துப் பெயர்தான் இருக்கும், பெயர் பொருந்தவில்லை என்றால் நிரல் எந்தச் சத்தமும் போடாமல் அந்தப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும், ஆற்றில் தண்ணீர் குறைவு என்று சொல்லும், அதை நம்பிக் கரையோரம் யாராவது கூடாரம் போடுவார்கள், மாட்டைக் கட்டுவார்கள்... இத்தனை நாள் அப்படி நடக்காமல் இருந்ததற்குக் காரணம் நான்தான், தரவுக் கோப்பு வந்ததும் அந்த வரியைக் கண்ணால் தேடிப் பிடித்து, பெயரை அழித்துவிட்டு சோங் என்று போட்டுவிடுவேன், அழிக்கலாம், அடிக்கத்தான் கூடாது. குஜந்துக்குப் போகிற நிரலுக்குள் என் கண்ணை வைத்து அனுப்ப முடியுமா?

முடியாது. சரி, அடித்துவிடு. முதல் எழுத்தை அடிக்கிறேன், அழிக்கிறேன். வேறு ஒரு ஃபங்ஷனின் குறிப்பைத் திறந்து சரியாக இருந்த ஒரு வாக்கியத்தை இன்னும் சரியாக்குகிறேன், காற்றின் வேகம் தெரியாவிட்டால் பூஜ்ஜியம் என்று கொள்க, ஏன், மலையில் பாதிக் கருவிகள் உறைந்து நின்றுவிடும், அதனால்... பார், எவ்வளவு லேசாக வருகிறது இந்த ஏன். எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், நகரத்தின் மேல் கரிப்புகை படிந்திருக்கிறது, பாப்ளர் மரங்களின் அடியில் கறுத்துப்போன பனி, மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஜனவரியில் நீதிபதியம்மா விவாகரத்துக்கு ஆட்சேபணை உண்டா என்றார், இல்லை என்றேன், கணவனாக இருந்த மக்சத் ரஷ்யாவில் கஸானிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான், அங்கே அவனுக்கு ஒரு வீடும் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்ததெல்லாம் அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதனால் யாரும் அழவில்லை, நானும் அழவில்லை, வெளியே வந்து ஒரு சமோசா வாங்கித் தின்றேன், சூடாக, நாக்கு வெந்துபோயிற்று. அந்தப் பாழாய்ப்போன நாக்குக்கு நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லையே, அது இன்னும் கல்யாணமாகி வந்த முதல் நாள் காலையில் கேட்டதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாமியார் முக்காட்டை என் தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே, “இந்த வீட்டுப் பெரியவங்க பேரு உன் வாயில வரக் கூடாது. வேற வார்த்தை கண்டுபிடிச்சுக்கோ. யுனிவர்சிட்டில படிச்சவதானே, வார்த்தைக்கா பஞ்சம்?” என்றார்.

நான் கண்டுபிடித்தேன், அதுவும் சந்தோஷமாகவே கண்டுபிடித்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? பள்ளத்தாக்கின் பெயர்தான் கீழே இருக்கும் ஊருக்கும், பல தலைமுறைக்கு முந்தைய மூதாதையின் பெயர் அது, அதைத்தான் மாமனாருக்கும் வைத்திருந்தார்கள். சந்தையிலிருந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம், மாமியார் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார், டிரைவர் கண்ணாடியில் பார்த்து எங்கம்மா எறங்கணும் என்றான், பெரியவர் ஊர்ல என்றேன். “எந்தப் பெரியவரு? இந்த ரோட்டுல எல்லா ஊர்லயும் பெரியவங்கதான் இருக்காங்க, இளசுங்கதான் ரஷ்யாவுக்குப் போயிடுச்சே!” வேன் முழுக்கச் சிரிப்பு, நான் வாயைத் திறக்கவில்லை, ஊர்த் திருப்பம் வந்தது, போனது, நான் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு பெண்தான் கத்தினாள், “டேய் நிறுத்துடா கழுதை, புது மருமகடா, மாமனார் பேரு சொல்ல மாட்டா!” கேரட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் திரும்பி நடந்தோம், திட்டப்போகிறார் என்று நினைத்தேன், மாமியார் திட்டவில்லை, அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், என்னை சேத்துல நடக்க வெச்சா, ஆனா வாய் திறக்கல, இவ மருமக... எனக்குக் காது சூடாயிற்று, வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படி ஆனதில்லை. தூங்கிக்கொண்டுதானே இருந்தார், சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஏன் சொல்லவில்லை? பயமா? பயமென்றால் தூங்குகிறவருக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

அந்தக் குளிர்காலத்தில்தான் இந்த ஃபங்ஷனை எழுதினேன், அவர்கள் சமையலறை மேஜையில், ஒரு பக்கம் ரொட்டியும் ஜாமும், ஒரு பக்கம் என் லேப்டாப். தினமும் மின்சாரம் போகும். போனால் மாமனார் எழுந்து கொட்டகைக்குப் போய்க் காரின் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வருவார், மூச்சு வாங்க வாங்க, அதை என் காலடியில் வைத்து ஒயரை மாட்டிக் கொடுப்பார், அதில் டிவியையும் ஓட்டியிருக்கலாம், மல்யுத்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும், அவருக்கு அதைவிடப் பிடித்தது ஒன்றுமில்லை, “நீங்க பாருங்க அப்பா, நான் காலையில எழுதிக்கறேன்” என்பேன், “எவன் எவனை விழத் தட்டினான்னு நாளைக்குக் கடையில சொல்லுவாங்க, உன் கணக்கை யாரு சொல்லுவா?” என்று இருட்டில் உட்கார்ந்துகொள்வார். மாமியார் பாத்திரம் கழுவக் கூப்பிட்டால், “அவ தண்ணி எண்ணிட்டிருக்கா, விடு” என்பார். பள்ளத்தாக்கின் பெயரை அடிக்க வேண்டிய இடம் வந்தபோது அவர் எதிரே உட்கார்ந்து பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் விரல் நின்றது, சோங் என்று அடித்தது, அவ்வளவுதான் நடந்தது, இதற்குள் எங்கே இருக்கிறது ஏன்? மக்சத் அந்த விடுமுறைக்கு வந்தபோது திரையை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான், “கம்ப்யூட்டருக்குமாடி மாமனார் பேரு சொல்ல மாட்டே?” விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சோங்னா சோங், நல்லாத்தான் இருக்கு என்றார்.

ஆக, அது அந்த வீட்டின் வழக்கம், நான் அந்த வீட்டில் இல்லை, வழக்கமும் என் மேல் இல்லை, இதுதான் கணக்கு, கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. மூன்று சாய்கோடு போடுகிறேன். ‘பெயர்க் காரணம்: இந்த ஃபங்ஷனை எழுதியவர்...’ அழிக்கிறேன், எழுதியவரைப் பற்றிக் குஜந்து எஞ்சினீயருக்கு என்ன? ‘பெயர்க் காரணம்: உள்ளூர் வழக்கம்’... இது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை, படிக்கிறவனுக்கு ஏதோ பழங்காலத்து வழக்கம் என்று தோன்றும், சேற்றில் கேரட் மூட்டையோடு நடந்தவள் தோன்றமாட்டாள், பேட்டரி தோன்றாது. தோன்ற வேண்டுமா? கையேட்டில் எதற்கு அதெல்லாம்... அப்போதுதான் ஃபோன் அதிர்கிறது, திரையில் ‘பெரியவர்’ என்று வருகிறது, அங்கேயும் அதே பெயர்தான், நான் எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடுகிறேன், ஏன் ஓடுகிறேன், யாரும் ஒட்டுக்கேட்கப் போவதில்லை.

“சொல்லுங்க.” வேலையில இருக்கியா மகளே, என்கிறார், பரவாயில்ல, சொல்லுங்க, என்கிறேன். தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார், ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்பார், “மேல பனி கம்மியா தெரியுது, உன் மெஷின் என்ன சொல்லுது?” மேல கம்மிதான், வடக்குச் சரிவுல கெட்டியா கெடக்கு, தாமதமாத்தான் வரும், ஆனா வரும், மே கடைசி வரைக்கும் பொறுங்க என்கிறேன். “அப்ப கெழங்கு போடறதத் தள்ளிப் போடறேன்.” அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது, அந்த வீட்டில் குழந்தை கிடையாதே என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு புரிந்தது. “வந்திருக்காங்க. கஸான்லேருந்து. நூரூஸ் பண்டிகைக்கு.” தெரியும் என்றேன், தெரியாது. “அந்தப் பொண்ணு அங்கேயே பொறந்து வளந்தவ. நம்ம மொறை ஒண்ணும் தெரியல. காலையில டீ ஊத்திக் குடுத்துட்டு என் பேரையும் எங்கப்பா பேரையும் சேத்துச் சொல்லிக் கூப்பிடறா, ரஷ்யன் பள்ளிக்கூடத்துல டீச்சரை மரியாதையா கூப்பிடற மாதிரி! உங்கம்மா கையிலேருந்த ரொட்டி கீழயே விழுந்துடுச்சு.” அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ரொட்டி விழுவதைப் பார்த்தேன், மாமியாரின் முகத்தைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. “எத்தனை வருஷமாச்சு தெரியுமா வீட்டுக்குள்ள அந்தப் பேரக் கேட்டு? கெழவி ஏய் கெழவாங்கறா. புள்ளைங்களுக்கு நான் அப்பா. பென்ஷன் ஆபீஸ்ல மட்டும்தான் கூப்பிடறான், அதுவும் தப்புத் தப்பா. யாரையோ கூப்பிடறாளேன்னு திரும்பிப் பாத்தேன்.” நல்லதுதானே என்றேன். “நல்லதுதான்,” என்றார், பிறகு, “அவமேல தப்பு இல்ல” என்றார். இல்ல, என்றேன். “சரி, வேலையப் பாரு. தண்ணி எறங்க ஆரம்பிச்சதும் கூப்பிடறேன், உன் மெஷின் பொய் சொல்லிச்சா நெஜம் சொல்லிச்சான்னு சொல்றேன்.”

தாழ்வாரத்தில் வெந்நீர்க் குழாய் முனகிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், சுடுகிறது, எடுக்கவில்லை. ஒரு நாள், வந்து ஒரு நாள்கூட இருக்காது, கையில் டீக் கெண்டியோடு, ஒன்றும் தெரியாமல், அவள் அவருடைய பெயரை அவருக்குக் கொடுத்துவிட்டாள், அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார்... மக்சத்தை அவள் எடுத்துக்கொண்டபோது எனக்கு இப்படி இருக்கவில்லை, அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, பிறகு ஒரு மாதிரி லேசாகக்கூட இருந்தது, இது வேறு. நான் சேற்றில் நடந்தேனே, நான் கணினிக்குள்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேனே, அது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றில்லை, அவருக்குத் தெரியும் என்று இருந்தேன், எங்கள் இருவருக்கும் நடுவே மேஜை மேல் இருக்கிற ஒரு பொருள் மாதிரி, நான் தொடாமல் வைத்திருப்பதுதான் நான் தருவது என்று... அவருக்கு அது ஓர் இழப்பாகத்தான் இருந்ததா, இத்தனை நாளும்? அல்லது இரண்டுமா? ஒருவருக்கு ஒன்றைத் தராமல் இருப்பதே தருவதாகவும் இருக்க முடியுமா, அவரும் அதை வாங்கிக்கொண்டு, கூடவே ஏங்கிக்கொண்டும் இருக்க முடியுமா? இதை யாரிடம் கேட்பது, குஜந்து எஞ்சினீயரிடமா?

திரும்பி வந்து உட்கார்ந்தேன், உட்கார்ந்த வேகத்தில் அடித்துவிட்டேன், யோசிப்பதற்குள். எஷிம்பெக். இருந்த சோங்குகளையெல்லாம் ஒரே கட்டளையில் எஷிம்பெக் ஆக்கினேன், திரை ஒரு தடவை சிமிட்டியது, முடிந்துவிட்டது. ‘ஏன்’ என்ற இடத்தில், இந்தப் பள்ளத்தாக்கு வடக்குப் பார்த்தது, மற்ற இடங்களில் உருகி முடிந்த பிறகே இங்கே பனி உருகத் தொடங்கும், அதனால் இதன் தண்ணீர் தனியாகக் கணக்கிடப்படுகிறது, முந்தைய பதிப்பில் சோங் என்று குறிப்பிடப்பட்டதும் இதுவே, என்று எழுதினேன், மூன்று சாய்கோடு போட்டு. பெயரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, இனி அதற்குக் காரணம் வேண்டியதில்லை, அது வரைபடத்தில் இருக்கிற பெயர். கருவியை ஓடவிட்டேன், பக்கம் பக்கமாகக் கையேடு விழுந்தது, பொருளடக்கத்தில் எஷிம்பெக், எடுத்துக்காட்டில் எஷிம்பெக், எங்கே பார்த்தாலும். மார்லென் அண்ணன் தன் திரையில் பார்த்துவிட்டு அறையின் அந்தக் கோடியிலிருந்து கையைத் தூக்கினார், “டாக்டர் சோங் காலமாயிட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா!” எல்லாரும் எழுந்து நின்றார்கள், யாரோ கெட்டிலின் மேலிருந்த காகிதத்துக்கு முன்னால் தலையைக் குனிந்தார்கள், நானும் எழுந்து நின்றேன், சிரித்தேன். பக்கத்தில் வந்து மெல்ல, “எப்படிடா இருக்கு?” என்றார். ஒண்ணும் இல்ல அண்ணே என்றேன், உண்மையாகவே ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஏதாவது இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேனோ.

உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தேன், எஷிம்பெக், எஷிம்பெக், கேரட், பேட்டரி, எஷிம்பெக், நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. அப்படியென்றால் காலையிலிருந்து எது தடுத்தது? இந்தப் பெயர் இவ்வளவு சுலபமென்றால் நான் எதை வாய்க்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்... பேசியதை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், சொல்லுங்க என்றேன், பொறுங்க என்றேன், நல்லதுதானே என்றேன், தெரியும் என்றேன், ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மரியாதை இருக்கிறது, எதிலும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. போன மாதம் பேசியபோது? அதற்கு முன்னால்? ஜனவரிக்குப் பிறகு ஒரு தடவைகூட... எவ்வளவு கவனமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன், வேனில் போனமாதிரி, திருப்பம் வருவதும் போவதும் தெரிந்துகொண்டே. யாரும் சொல்லவில்லை, எந்த மாமியாரும் முக்காட்டை இறுக்கி இந்த வார்த்தை கூடாது என்று சொல்லவில்லை, நீதிபதியம்மா சொல்லவில்லை, நானாகவேதான் விட்டிருக்கிறேன், எஷிம்பெக்கை அல்ல, ‘அப்பா’வை.